நின்றிருந்த வண்டியின் வேகம்

ஓமானின் ஆதம் தொழிற்பேட்டையில் இருந்த லால் பக்ஷின் பட்டறைக்கு நான் போனது ஜூலை மாதத்தில், ஒரு காலை நேரம். மறுநாள் நானும் என் மனைவி நஸ்ராவும் சலாலாவுக்குப் புறப்படுவதாக இருந்தோம். அங்கே தூறல் தொடங்கிவிட்டிருந்தது. எங்கள் ஊரில் தகரக் கூரைகள் வெயிலில் விரிந்து சடசடத்துக்கொண்டிருந்தன.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. இருபது வருடம் ஓடிய ஃபோர் வீல். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகளைப்போல நூற்றிருபதைத் தாண்டினால் மணி அடிக்கும். டிங், டிங் என்று, வேகம் குறையும்வரை. எனக்கு அது தொல்லை. நஸ்ரா எவ்வளவு அசந்து தூங்கினாலும் முதல் மணிக்கே விழித்து, என் முழங்கையில் இரண்டு விரல்களை வைத்து, "மெதுவா, மெதுவா" என்பாள்.

லால் பக்ஷ் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரின் வயரைச் செருகினான். நான் பள்ளி ஆசிரியன் என்பதால் என்னை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவான்.

"நூத்தி நாப்பதுன்னு ஏத்தி வைக்கட்டுமா, உஸ்தாத்?"

"மொத்தமா நிறுத்திடு."

"பொண்டாட்டி வாயையும் இதுலயே அடைச்சுக் குடுன்னு நாலு பேர் கேட்டாச்சு. நீங்களும் கேட்டுடாதீங்க."

இருவரும் சிரித்தோம். ஒரு பட்டனை அழுத்தினான். அவ்வளவுதான் வேலை.

மறுநாள், ஹைமா ஊரைத் தாண்டிய நேர்ச்சாலையில் நஸ்ரா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினாள். அவள் முக்காட்டிலிருந்து குந்திரிக்க வாசனை வந்துகொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. நான் நூற்று ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்க மணல் மேட்டிலிருந்து ஓர் ஒட்டகம் சாலைக்கு இறங்கியது. மோதுவதற்குச் சற்று முன் என் முழங்கையில் ஏதோ பட்டது. முக்காட்டின் நுனி என்று நினைத்தேன்.

நஸ்ரா உட்கார்ந்திருந்த வலப்பக்கம் மட்டும் நொறுங்கியது.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த மகள் ஷம்ஸா, என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"பாபா, உம்மா மணிச் சத்தத்துக்கு எழுந்திருக்கலையா?"

"மணி அடிக்கவே இல்லம்மா. நான் நூத்தி இருபதைத் தாண்டவே இல்ல."

அவள் குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள்.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நஸ்ரா கடைசியாக உட்கார்ந்திருந்த இருக்கை அதில்தான் இருந்தது; எனக்கு மனம் வரவில்லை. லால் பக்ஷ் இரண்டு மாதம் பாடுபட்டு அதை ஓடவைத்தான். நிஸ்வா சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முள் நூற்றிருபதைத் தாண்டியதும் மணி அடித்தது.

"நான் நிறுத்தினது சத்தியம்" என்றான் லால் பக்ஷ், திரையைப் பார்த்தபடி. "இப்ப நூத்தி இருபதுன்னு காட்டுது." மறுபடி நிறுத்தினான்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார், அன்று என்ன வேகம் என்று. "தொண்ணூறு இருக்கும்" என்றேன். மதியம் வீடு திரும்பும்போது தொண்ணூறில் மணி அடித்தது.

லால் பக்ஷுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற எவன்கிட்டயாவது காட்டிட்டு என்னைச் சோதிக்கிறீங்களா? தொண்ணூறுன்னு யாரு வச்சது?"

காலையில் என் வாயிலிருந்து வந்த எண், அந்தச் சின்னத் திரையில் இருந்தது.

புரிந்தது. புரிந்த பிறகும், பார்வை போய்விட்ட என் மாமியார் என் கையைப் பற்றி, "வேகமா போனியா, மகனே?" என்று கேட்டபோது என்னால் முடியவில்லை.

"இல்ல மாமி. ஓரமா நின்னுட்டிருந்தோம். ஒட்டகந்தான் வந்து மோதிச்சு."

அவர் கை என் கையை மெல்ல விட்டது. நான் வெளியே வந்தேன். நண்பகல். முற்றத்தில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

டிங்.

வண்டி நின்றுகொண்டிருந்தது.

டிங்.

லால் பக்ஷ் வந்து பேட்டரி வயரைக் கழற்றினான். மணி நிற்கவில்லை. ஸ்கேனரைச் செருகினான். மின்சாரமே இல்லாத வண்டியில் திரை வெளிச்சமானது. அவன் குரல் தாழ்ந்துபோயிற்று.

"சைபர்னு வச்சிருக்கு, உஸ்தாத். இந்த மிஷின்ல சைபர்னு ஒரு அளவே கிடையாது."

திரையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு நிஜமா எவ்வளவு?"

நான் தலை குனிந்துகொண்டேன். அவன் உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி போய்விட்டான். செருகிய ஸ்கேனரைக் கழற்றி எடுத்துப்போகவில்லை. அதைத் தொடவே இல்லை.

ஐந்து நாட்களாக அது அடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களை மூடிவிட்டார்கள். நாளை வியாழக்கிழமை ஷம்ஸா வருகிறாள். உம்மா கடைசியாகப் போன வண்டி தனக்கு வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். அவள் அந்த இருக்கையில் ஏறி உட்காருவாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அதனால்தான் உட்கார்ந்து இத்தனையும் எழுதினேன். ஷம்ஸா, இது உனக்காக. மணியை நிறுத்தச் சொன்னவன் நான். நூற்று ஐம்பத்தைந்தில் போனேன். இதைப் படித்த பிறகு நீ என் நெற்றியில் முத்தமிடாமல் போகலாம்.

இதுவரை எழுதிவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் முற்றத்துக்குப் போனேன்.

வண்டிக் கதவைத் திறந்ததும் குந்திரிக்க வாசனை. இருக்கையின் துணி, மெத்தை, எல்லாமே லால் பக்ஷ் புதிதாகப் போட்டவை.

திரையைப் பார்த்தேன். எச்சரிக்கை அளவு: 155.

கண்ணை மூடிக்கொண்டேன். உண்மை என்று நஸ்ரா ஏற்றுக்கொண்டுவிட்டாள். இனி நின்றுவிடும்.

டிங்.

நிற்கவில்லை.

டிங்.

அளவுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இத்தனை நாளும் நான் கவனிக்காத வரி. வண்டியின் தற்போதைய வேகம். முற்றத்தில் அசையாமல் நின்றிருந்த அந்த வண்டியில், அந்த வரியில் 172 என்று இருந்தது.

மேலே எழுதியதை நான் அடித்துத் திருத்தவில்லை, ஷம்ஸா. அப்படியே இருக்கட்டும். ஒட்டகத்தைக் கண்ட கணத்தில் முள் நின்ற இடம் நூற்று எழுபத்திரண்டு. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். உன் உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்றும், என் முழங்கையில் பட்டது முக்காட்டின் நுனி என்றும்தான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.