மாதம் ஒரு பாஸ்வேர்டு

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

சுவர் நோட்டீஸைப் பார்த்துச் சிரித்தவள், சொட்டிக்கொண்டிருந்த குடையை மடக்கியபடி திரும்பினாள். மருத்துவமனையின் கணினி அறை வாசலில் ஒருவன்... குரலில் இருந்த கோபம் கண்களில் இல்லை. மழைக்கு முந்தைய வானம் போல, கருகருவென்று ஆழமான கண்கள்!

"இந்த நோட்டீஸ்... 'மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றவும்.' மாத்தினா பாதுகாப்பு கூடும்னு எந்தப் புத்திசாலி சொன்னாரு?"

"நான்தான்."

போச்சு! பயிற்சிக்கு வந்த முதல் நாளே மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்தாயிற்று...

சைபர் பாதுகாப்பில் கடைசி வருட மாணவி அவள். கல்லூரியில் 'கேள்விக்குறி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். "எல்லாரும் செய்யறதைச் செஞ்சு, நல்ல கம்பெனில உட்காருடி" என்பாள் அக்கா. அவளுக்கு அது போதாது. எல்லோரும் போடுகிறார்கள் என்று பூட்டுப் போடுபவள் இல்லை அவள். அது நிஜமாகவே பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பவள். அதுதான் தன் வேலை என்று என்றோ முடிவு செய்துவிட்டாள்.

"சோதிச்சுப் பார்க்கலாமா சார்?"

"தாராளமா!" உதட்டோரம் ஒரு கேலிச் சிரிப்பு.

செவிலியர்களிடம் பெயர் எழுதாத சீட்டுகள் வாங்கினாள். புது பாஸ்வேர்டை எப்படி வைக்கிறீர்கள்? வந்தது நாற்பத்திரண்டு சீட்டு. முப்பத்தொரு பேர் பழையதன் கடைசியில் ஓர் எண்ணை மாற்றுகிறார்கள். மற்றவர்களில் ஆறு பேர் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டுகிறார்கள்.

அவள் எழுதிய அறிக்கையைப் படித்தவனின் காது மடல் சிவந்தது.

"இதை மீட்டிங்ல சொல்லப் போறீங்களா? என் மானம் போயிடும்."

"நோயாளிங்க விவரம் திருடு போனா பரவாயில்லையா சார்?"

விருட்டென்று எழுந்து போனான். நான்கு நாள் பேச்சே இல்லை. எதிரே வந்தாலும் அந்தக் கண்கள் சுவரைப் பார்த்தன... வலித்தது.

பேருந்தில் அறிக்கையைத் திறந்தாள். அந்த முப்பத்தொன்றை 'சிலர்' என்று மாற்றிவிட்டால்? விரல் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. 'பிடிச்சவர் முகம் வாடுதேன்னு உண்மையை மாத்தினா, நான் எதுக்கு இந்த வேலைக்கு வரணும்?'

பிடிச்சவரா?! ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எண்ணை மாற்றவில்லை.

கூட்டத்தில் அவள் வாய் திறக்கும் முன் அவன் எழுந்தான்.

"அந்த விதியைப் போட்டது நான். சரிபார்க்காமலே போட்டேன். இவங்க சரிபார்த்திருக்காங்க. கேளுங்க."

அவள் எழுந்தாள். சீட்டுக் கணக்கைக் காட்டிவிட்டுச் சொன்னாள்: நீளமான பாஸ்வேர்டு, கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றம், செல்போனில் இன்னொரு சரிபார்ப்பு. இரண்டு வார்டுகளில் செய்து பார்க்கத் தலைமை மருத்துவர் சம்மதித்தார்.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் ஓடிவந்து அவனைப் பிடித்தாள்.

"நாலு நாள் ஏன் சார் பேசல?"

"கோபம். முதல் நாள் உங்க மேல... மீதி மூணு நாள் என் மேல." தயங்கினான். "நாளையோட உங்க பயிற்சி முடியுது. அதுவரைக்கும் நான் மேலதிகாரி, எதுவும் பேசக் கூடாது. நாளன்னிக்கு... உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"அதான் இப்பவே சொல்லிட்டீங்களே!"

அசடு வழிந்தான். அவளுக்குக் கன்னம் சுட்டது.

"வேலைன்னு வந்தா உங்களுக்காகக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்... பரவாயில்லையா?"

"அன்னிக்கு நீங்க விட்டுக்கொடுக்கலையே... அப்பதான் விழுந்தேன்."

அவள் தலை குனியவில்லை. அந்தக் கண்களை நேராகப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு."