குட்டித் துடுப்பில் ரத்தம்

பிணத்தின் முதுகில் ரத்தம்.

நான் அலறவில்லை. அலறத்தான் வாயைத் திறந்தேன்... படகு ஒரு ஆட்டம் ஆடியது. காலையில் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஐஸுக்குள் கிடந்தது அது. வெள்ளி உடம்பு. திறந்த கண். வாலுக்குக் கொஞ்சம் முன்னால், முதுகில், ஒரு குட்டித் துடுப்பு இருக்க வேண்டிய இடம் மொட்டை. மொட்டையைச் சுற்றிப் புது ரத்தம்.

பிணம் என்றால் சால்மன் மீனின் பிணம். சிரிக்காதீர்கள். அமெரிக்கக் கடற்கரையில் இருக்கும் எங்கள் இல்வாக்கோ ஊரில் அதற்கும் போலீஸ் உண்டு.

இப்போது வீடு முழுக்கத் தூங்குகிறது. நான் மட்டும் போர்வைக்குள் விழித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பெயர் ஸிக்னே. வயது பதினாறு. தைரியம்... தேடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அரசாங்கப் பண்ணையில் பொரித்த சால்மனுக்குக் குஞ்சாக இருக்கும்போதே அந்தக் குட்டித் துடுப்பை வெட்டிவிடுவார்கள். ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீனுக்கு அது அப்படியே இருக்கும். மொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு இருப்பதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

காட்டு மீன் வருஷா வருஷம் குறைகிறது. அளவுக்கு மேல் செத்தால் கடற்கரை முழுவதற்கும் சீசனை மூடிவிடுவார்கள். போன வருஷம் மூடினார்கள். என்னை வளர்க்கும் ஹெல்கா அத்தை, படகைக் கட்டிப்போட்டுவிட்டு மோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றப் போனாள்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவதுதான் அத்தையின் தொழில். போதாக்குறைக்கு, போன வருஷம் யாரோ ஒரு வாடிக்கையாளர் காட்டு மீனை ஒளித்து வைத்து மாட்டினார். அத்தைக்கு எச்சரிக்கை கிடைத்தது. இன்னொரு தடவை என்றால் லைசென்ஸ் காலி.

இன்றைக்கு இந்தப் புது ரத்தம். காட்டு மீனைப் பிடித்து, துடுப்பை வெட்டி, பண்ணை மீனாக வேஷம் போட்டுவிட்டான் ஒருவன்.

யார்?

எங்கள் ‘பட்டர்ஸ்காட்ச்’ படகில் அத்தையையும் என்னையும் தவிர இருந்தது இரண்டே பேர்.

ஒருவர் டாக்டர் டட்டில். யாகிமாவில் பல் டாக்டர். சிரிக்கவே மாட்டார். சட்டைப் பையில் சின்னதாக, பளபளவென்று ஒரு கத்தரிக்கோல்.

இன்னொருவர் மிஸ்டர் ஹென்ஸ்லி. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். எனக்கு இஞ்சி பிஸ்கட் கொடுத்தவர்.

துப்பறிய இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லா மீனையும் வலையில் இருக்கும்போதே துடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை படகில் ஏற்றுவாள். காட்டு மீன் என்றால், “போடா ராஜா, போய்ப் புள்ளகுட்டி பெத்துக்கோ” என்று விட்டுவிடுவாள். ஆனால் ஒரு பத்து நிமிஷம்... நண்டுக் கூண்டுக் கயிறு ஒன்று புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. அத்தை குப்புறப் படுத்துக் கொக்கியால் இழுக்க, நான் சிப்பி ஒட்டிய அந்தக் கயிற்றை வெறுங்கையால் பிடித்துக்கொண்டேன். குளிரில் பத்து விரலும் என்னுடையதா என்றே தெரியவில்லை. அதற்குள் டாக்டர் ஒரு மீன், ஹென்ஸ்லி ஒரு மீன். இரண்டையும் அவர்களே ஏற்றி, அவரவர் பைக்குள் போட்டு, ஐஸில் வைத்துவிட்டார்கள்.

கயிறு வந்ததும் ஐஸைச் சரிசெய்யப் போனேன். டாக்டரின் பை வழியில் இருந்தது. தூக்கினேன். பை திறந்துகொண்டது. மீனைப் பிடித்தேன். ரத்தம்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

பின்னால் ஹென்ஸ்லி. நான் அவர் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அடப்பாவமே” என்றார். “டாக்டரா? பார்த்தா பெரிய மனுஷனா இருக்காரே.”

“கத்தரிக்கோல் வச்சிருக்காரு சார்.”

“ஆமால்ல...” பிஸ்கட் டப்பாவை நீட்டினார். “என் பையையும் பார்த்தியாம்மா?”

“சேச்சே, உங்களோடத நான் எதுக்கு சார் பார்க்கணும்?”

“அதானே. எதுக்குப் பார்க்கணும்.” அவரும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். “நான் சொல்றதைக் கேளு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. பாவம், உங்க அத்தை.”

பாவம் அத்தை. அதைத்தான் நானும் யோசித்தேன். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் லைசென்ஸ் தப்புமோ?

கரை கண்ணுக்குத் தெரிந்ததும் செல்போனுக்கு உயிர் வந்தது. மீன்வளத்துறை ஆபீசர் ரெனாட்டா பீலின் எண் படகுத்துறைப் பலகையிலேயே இருக்கும். மனப்பாடம். கழிவறைக்குள் புகுந்து, மஃப்ளரை வாயில் சுற்றிக்கொண்டு, குரலைக் கட்டையாக்கினேன்.

“ஹலோ... பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் பேசறேன்...”

“சொல்லு ஸிக்னே.”

“...நான் ஸிக்னே இல்ல.”

“வாராவாரம் எங்க வீட்டு கராஜ்ல பேண்ட் பிராக்டிஸ்னு கிளாரினெட் ஊதி என் உயிரை வாங்கறே. உன் குரல் தெரியாதா? என்னாச்சு?”

சொன்னேன். அழுதுகொண்டே. அழுதால் கட்டைக் குரல் நிற்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படகுத்துறை.

ஆபீசர் பீல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஹெல்கா, ஐஸ் பெட்டியைப் பார்க்கணும்.”

“தாராளமா.” அத்தை சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினாள். டாக்டரின் மீனை வெளியே எடுத்தாள்.

சிரிப்பு போய்விட்டது.

மீனைப் பார்த்தாள். என் சட்டைக் கையைப் பார்த்தாள். அதில் ரத்தம். என் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை.

“நான்தான் வெட்டினேன்” என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்மேல் சந்தேகப்பட்டு, எனக்காகப் பழியை ஏற்கிறாள்!

“இல்ல, நான்தான்” என்றேன். “என்கிட்ட பிடுங்கறதுக்கு லைசென்ஸே கிடையாது. என்னைப் பிடிங்க.”

“வாயை மூடுடி.”

“நீங்க மூடுங்க அத்தை.”

டாக்டர் டட்டில் தொண்டையைக் கனைத்தார். “அது என் மீன். நான் வெட்டலை. ரெண்டு பேர் ஒத்துக்கிட்டப்புறம் மூணாவதா நான் என்ன சொல்றதுன்னு தெரியலை.”

ஆபீசர் மூவரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கட்டைவிரலால் அந்த ரத்தத்தைத் துடைத்தார்.

அடியில்... காயமே இல்லை. வழுவழுவென்று ஆறிப்போன தோல்.

“இது குஞ்சா இருந்தப்போ பண்ணையில வெட்டினது” என்றார். “உங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல. குற்றவாளி அரசாங்கம்தான்.”

“அப்ப... அந்த ரத்தம்?”

“கையைக் காட்டு.”

காட்டினேன். கட்டைவிரலில் நீளமாக ஒரு கிழிசல். கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பியின் வேலை. மரத்துப்போன விரலுக்கு உறைக்கவே இல்லை. இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

உலகத்திலேயே தன் ரத்தத்தைத் தானே கண்டுபிடித்துப் போலீஸுக்குச் சொன்ன முதல் துப்பறியும் நிபுணர் நானாகத்தான் இருப்பேன்.

“பாவம், சின்னப் பொண்ணு” என்றார் ஹென்ஸ்லி, படகிலிருந்து இறங்கியபடியே. “பயந்துபோயிட்டா. ஆபீசர், என் மீனை இவளுக்கே குடுத்துடறேன். நீயே வச்சுக்கோம்மா. நான் வர்றேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர்...

“ஒரு நிமிஷம்” என்றார் ஆபீசர். “ராத்திரியே கிளம்பி வந்து, பொழுது விடியறதுக்கு முன்னாடி படகேறி, குளிர்ல நடுங்கிப் பிடிச்ச மீனு. சும்மா குடுத்துட்டா போறீங்க?”

“எனக்கு... மீனு அவ்வளவா ஒத்துக்காது.”

“ஒத்துக்காமத்தான் காசு குடுத்துப் பிடிக்க வந்தீங்களா?”

ஆபீசர் அவருடைய பையைப் பிரித்தார்.

முதுகில் மொட்டை. துடைத்தார். இது வழுவழுப்பாக இல்லை. சிவந்த சதை, கோணல்மாணலான வெட்டு. அத்தை மீனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இவன் ஆத்துக்குப் போக வேண்டியவன்யா” என்றாள். “இந்தக் கரை மொத்தத்தோட சீசனையும் சேர்த்து வெட்டிட்டியே.”

ஹென்ஸ்லி கக்கத்தில் இடுக்கியிருந்த பிஸ்கட் டப்பாவையும் ஆபீசர் வாங்கித் திறந்தார். பிஸ்கட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பேனாக்கத்தி. அதன் நுனியில் மீன் சதை. அந்த டப்பாவிலிருந்து நான் நான்கு தின்றிருந்தேன்.

“ஆபீசர்...” அத்தையின் குரல் இறங்கியது. “என் லைசென்ஸ்?”

“வெட்டினது அவரு. கேஸும் அவர் மேலதான். நீ என்ன பண்ணினே? கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே உன் படகுலேர்ந்து தகவல் வந்தாச்சு. அப்படித்தான் எழுதப்போறேன்.”

“என் படகுலேர்ந்தா? யாரு பேசினது?”

ஆபீசர் கடற்பறவைகளைப் பார்த்தார். டாக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள்.

“நீ... என் படகு மேலயே... புகார் பண்ணினியா?”

“லைசென்ஸ் தப்பிச்சுதுல்ல அத்தை...”

நல்லவேளை, டாக்டர் டட்டில் குறுக்கே வந்தார். காலையிலிருந்து நான் கொலை ஆயுதமாக நினைத்த அந்தக் கத்தரிக்கோலை எடுத்தார். பிளாஸ்திரியை அழகாக வெட்டி என் கட்டைவிரலில் ஒட்டினார். அப்புறம் தொழில் பழக்கத்தில், “வாயைத் திற” என்றார்.

நானும் திறந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தாள்.

“திறக்கறது இருக்கட்டும் டாக்டர்... இதை மூடறதுக்கு உங்ககிட்ட ஏதாவது வைத்தியம் இருக்கா?”