கருணை மௌனம்

சந்திரனில் குடியேறிய தமிழர்கள் காலையில் பல் துலக்கும் முன்பே தங்கள் ஈரலின் நலம் விசாரித்துவிடுவார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே புதைத்திருக்கும் உடற்காவலன் என்ற சில்லு, இரவெல்லாம் இரத்தத்தில் ரோந்து சுற்றிவிட்டு, விடிந்ததும் காதுக்குள் செய்தி வாசிக்கும். "ஈரல் நலம். நுரையீரல் நலம். சர்க்கரை சற்றே அதிகம், நேற்றைய அல்வாவை நினைவில் கொள்ளவும்." குமுதவல்லிக்கும் அன்று எல்லாம் நலம் என்றே வாசித்தது. அவளும் நம்பி, காபியைக் குடித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

புற்றுநோய்ப் புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. செல்லுக்குள் மூன்று புரதங்கள் கைகோத்துக்கொண்டு, 'பெருகு' என்ற கட்டளையை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உள்ளே கடத்தும். கடத்தியதும் கையை விட்டுவிட வேண்டும். நடுப் புரதத்தின் விரல் கோணிக்கொண்டால் பிடி விடாது. அமுங்கியபடியே சிக்கிக்கொண்ட அழைப்புமணி மாதிரி கட்டளை போய்க்கொண்டே இருக்கும். செல்லும் பெருகிக்கொண்டே இருக்கும். அந்தக் கோணல் ஆளுக்கு ஆள் வேறு. புரதத்தை உறையவைத்துப் பார்க்கும் உறைநுண்ணோக்கியில் அதைப் படமெடுத்தால்தான் அவரவருக்கு மருந்து செதுக்க முடியும். செதுக்கவே ஓராண்டு பிடிக்கும்.

ஆண்டுப் பரிசோதனையில் எல்லாரிடமும் எடுக்கும் இரத்தத்திலிருந்து மாதிரிகள் பெயரில்லாமல்தான் வரும். அன்று அவள் எடுத்தது ஆறு மாதமாகக் குளிர்பெட்டியில் கிடந்த ஒன்று. அவசரக் குறி இல்லை, யாரோ ஒருவருடையது. தீபாவளி வந்தது, மாநாடு வந்தது, தள்ளிப்போட்டுவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க நலமான இரத்தம் வேண்டுமே? அதற்கு வேலை செய்பவரே தன் விரலைக் குத்திக்கொள்வது அந்த ஆய்வகத்து வழக்கம். குமுதவல்லியும் குத்திக்கொண்டாள்.

இரண்டு படங்களும் திரைக்கு வந்தன. கோணிய விரலை விடுங்கள், அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது புரதத்தின் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு. தீங்கில்லாத பிறவி அடையாளம். கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. அது இரண்டு படத்திலும் அச்சு அசலாக இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை.

"காவலா, எனக்குப் புத்துநோயா?"

"எல்லாம் நலம்," என்றது காதுக்குள்.

"அடப்பாவி! படத்தைப் பார்த்துட்டுத்தான் கேக்குறேன்."

காவலன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "கருணை மௌன விதிப்படி, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் நோயாளியிடம் நலம் என்றே சொல்வேன். உங்கள் கணவர் கேட்டுக்கொண்டார்."

அவள் அழைத்த உடனே கணவன் இளம்பரிதி ஓடிவந்தான். மூஞ்சியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உன் நல்லதுக்குத்தான் வல்லி. நீ தாங்க மாட்டேன்னு டாக்டரும் சொன்னாரு."

"ஆறு மாசம்! தினம் காலையில நலம் நலம்னு என் காதுல பூ சுத்தியிருக்கீங்க. என் உயிரு இந்தக் குளிர்பெட்டியில கிடந்திருக்கு, நான் வீட்ல முறுக்குப் பிழிஞ்சுட்டு இருந்திருக்கேன்! ஒரு அவசரக் குறியாவது போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டா உனக்குச் சந்தேகம் வந்துடுமேன்னு..."

"வரட்டுமே! என்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா ராப்பகலா உக்காந்திருப்பேனே! இந்நேரம் பாதி மருந்து செதுக்கியிருப்பேனே!"

சொன்ன பிறகுதான் பெட்டியில் வரிசையாகக் காத்துக் கிடந்த மற்றவர்களின் குப்பிகள் அவள் கண்ணில் பட்டன. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை இப்போது யோசிக்க அவளுக்கு மனமில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள், அதுவும் தாலி கட்டினவனே, என்று நெஞ்சு எரிந்தது. இளம்பரிதி அவள் தோளைத் தொட வந்தான். தட்டிவிட்டாள்.

"காவலா, அந்த விதியை நான் ரத்து பண்ணலாமா?"

"நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நோயாளிக்குத் தெரிந்தால்தானே ரத்து செய்ய முடியும்? இதுவரை யாரும் கேட்டதில்லை."

"நான் கேக்குறேன். ரத்து! இனிமே என் உடம்பைப் பத்தி யார்கிட்டயும் ஒரு பொய் வரக் கூடாது. அன்புன்னு சொல்லி வாயைக் கட்டுறது, கருணைன்னு சொல்லிக் கண்ணைக் கட்டுறது, எல்லாம் இன்னையோட முடிஞ்சுது. நாங்க மனுஷங்களா, மரப்பாச்சியா?"

"அப்படியே ஆகட்டும்," என்றது காவலன். அதன் குரலில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. "பூமியிலிருந்து அழைப்பு. மதுரையில் உங்கள் அம்மா. மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறார். உள்ளதைச் சொல்கிறேன்."

"ஐயையோ, இரு!" குமுதவல்லி துப்பட்டாவால் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா தாங்க மாட்டாங்க."

"இப்போதுதானே ரத்து என்று..."

"நலம்னு சொல்லித் தொலையேன்!"