குரலறைத் தாழ்ப்பாள்

சனிக்கிழமை. பிற்பகல் 3:50.

கமலநாதன் குனிந்து தாழ்ப்பாளின் பிடியைப் பக்கவாட்டிலிருந்து திருப்பினான். பிறகு மேலே தூக்கிக் கதவை இழுத்தான். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. ரூபினி கதவோரம் சுருண்டு கிடந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தையில் நகம் பிறாண்டிய கிழிசல்கள்.

"அலமாக்!"

கூட வந்திருந்த சிங்கப்பூர்க்காரர்தான் ஆம்புலன்சுக்கு அடித்தார். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. நான்கரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் அவள் தொண்டைக்குள் குழாய் இறங்கிவிட்டது.

மாலை 4:55.

செனாய் தொழிற்பேட்டைக்கு எதிர்வரிசையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வீடியோ கேம் தயாரிக்கிறார்களாம். முதலாளி கமலநாதனையும் சேர்த்து மொத்தம் நாலே பேர். நாலு பேரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறாத நாள் கிடையாது.

கூலாய் போலீசிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தவமணிதேவி முதலில் அந்த அறையைப் பார்த்தார். பழைய சாமான் அறையின் சுவரெல்லாம் மெத்தையும் முட்டை அட்டையும் ஒட்டிக் குரல் பதியும் அறை ஆக்கியிருந்தார்கள். உள்ளே கத்தினால் வெளியே ஈ பறக்கிற சத்தம்கூட வராது. மைக்கில் பேசுவது வெளிமேசை ஹெட்போனில் மட்டும் கேட்கும். சாமான் அறையாக இருந்த காலத்துத் தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம், அடியில் இருந்தது. ஏர்கான் சுவிட்சும் வெளியேதான். அது அணைந்திருந்தது.

"போன் என்ன ஆச்சு?"

"உள்ள கொண்டு போகக் கூடாது புவான், பதிவுல கரகரன்னு வரும்" என்றான் கமலநாதன். "அவளோட ஆஸ்துமா பம்ப்பும் கைப்பையும்கூட மேசையிலதான் இருக்கு. இன்னிக்குப் பதிவுகூட இல்ல, ஒத்திகைதான். அதனால ஒண்ணும் பதிவாகல."

"தாழ்ப்பாள் போட்டது யாரு?"

"யாரும் போடல. கதவ அடிச்சுச் சாத்தினா அது தானா விழும். பழசு லா. ஆக்ஸிடென்ட்னு எழுதிட்டுப் போயிடுங்க புவான். திங்கக்கிழமை எனக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகணும்."

ஆஸ்பத்திரியில் ஒருத்தி உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள், இவனுக்கு ஒப்பந்தம்! தவமணிதேவி கதவுப் பக்கம் திரும்பினார். கோப்ரல் வேலுவைக் கதவை அடித்துச் சாத்தச் சொன்னார். பத்து தடவை சாத்தியதில் மூன்று தடவை தாழ்ப்பாள் தரைத் துளைக்குள் டொக்கென்று விழுந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து மூன்று தடவையும் பார்த்தார். பிடி நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

வெளிமேசையில் ஹெட்போன் கிடந்தது. இடது காதுப் பஞ்சில் சிவப்பாக எண்ணெய்க் கறை. வேலு முகர்ந்து பார்த்தான்.

"சம்பல், புவான்."

குப்பைத் தொட்டியில், காரச் சம்பலோடு விற்கும் நாசி லெமாக் சோறு சுற்றிய காகிதம். ரூபினியின் சாப்பாட்டு டப்பா அவள் மேசையில் திறக்காமலே இருந்தது. "கீழ டயர் கடையில விசாரிச்சிட்டு வாங்க. யாரு கார் எத்தன மணிக்குக் கிளம்புச்சுன்னு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாலை 5:20. கமலநாதன்.

"இந்த கேமுல என்னதான் இருக்கு?"

"ஆடுறவன் ஒரு வீரன். காடு மலையெல்லாம் சுத்துவான். கூட ரெண்டு பேர் துணைக்கு வருவாங்க. அமுதன் நல்லவன், அவன சிவகணேசன் எழுதுறாரு. வல்லூறு கெட்டவன், அவன எழுதுறதும் அவனுக்குக் குரல் கொடுக்கிறதும் ரூபினி. பிடிக்கலன்னா எந்தத் துணையையும் எப்ப வேணும்னாலும் துரத்தி விட்டுடலாம்."

அங்கேதான் வித்தை இருக்கிறது. கோட்டைக்குள் காத்திருக்கும் வில்லனை எந்த மடையனும் எழுதிவிடுவான், போய் வெட்டிச் சாய்த்தால் ஆயிற்று. கூடவே நடந்து வந்து, நம் தீயிலேயே குளிர் காய்கிற கெட்டவனை எழுதுவது வேறு. அவன் செய்வது அத்தனையும் அக்கிரமம் என்று தெரிந்தும் துரத்திவிட மனசு வரக்கூடாது. ரூபினிக்கு அந்தக் கை வாய்த்திருந்தது. அதற்காக அவளை யாரும் கொண்டாடவில்லை.

"நேத்து இங்க சண்டையாமே?"

"கேமை வாங்க வந்திருக்கிற சிங்கப்பூர்க்காரருக்கு வல்லூறு மட்டும் போதுமாம். அமுதன வெட்டிடுங்கன்னாரு. உடனே இந்தப் பொண்ணுக்குத் தலகால் புரியல. என் பேர முதல்ல போடு, இல்லன்னா அவருகூடயே சிங்கப்பூருக்குப் போயிடுவேன்னு என்னையே மிரட்டுனா. கத்துனேன். கத்தாம கொஞ்சவா சொல்றீங்க?"

"இன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"பன்னண்டரைக்குக் கிளம்பி ஏர்போர்ட் போனேன். அந்த சிங்கப்பூர்க்காரரு வேற வேலையா பினாங்கு போயிட்டு வந்தாரு. ஃப்ளைட் லேட்டு. அங்கயே தோசை சாப்பிட்டேன்."

"ஏர்போர்ட் இங்கருந்து பத்து நிமிஷம். நடுவுல வந்துட்டுப் போயிருக்கலாம்."

கமலநாதன் முகம் சுண்டியது. "போயிருக்கலாம். போகல."

மாலை 5:40. பிரவீனா.

கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது இவள் வேலை. வரும்போதே வெடித்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு அவள பிடிக்காது. எழுதிக்குங்க. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போன அன்னிக்குச் சொன்ன வார்த்தைய இவகிட்ட அழுதுகிட்டே சொன்னேன். அடுத்த வாரம் அதே வார்த்தை வல்லூறு வாயில வருது! இவளெல்லாம் மனுஷியா?"

"அப்ப வல்லூறையும் பிடிக்காது?"

பிரவீனா தயங்கினாள். "அதான் கோவமே. அவன பிடிக்குது. எட்டு மாசமா ஆடுறேன். தீயில தள்ளிப் பார்த்தேன், ஓநாய்க்கு நடுவுல விட்டுட்டு ஓடிப் பார்த்தேன். ஒரு வார்த்தை 'காப்பாத்து'ன்னு கேட்டிருப்பானா அந்தத் திமிர் பிடிச்சவன்? கேட்டிருந்தா அன்னிக்கே துரத்தி விட்டிருப்பேன்."

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"சனிக்கிழமை விரதம். ஒண்ணே கால் இருக்கும், கிளம்பிட்டேன். அவ அப்ப உள்ள போகத் தயாரா நின்னா. சிவா அண்ணன் அவர் மேசையில இருந்தாரு."

"தாழ்ப்பாள் தானா விழுமா?"

"விழும். போன மாசம் நானே மாட்டிக்கிட்டேன். ஹெட்போன்ல கேட்டு சிவா அண்ணன்தான் வந்து திறந்து விட்டாரு. இந்த ஆபீஸ்ல மனுஷன்னு சொல்ல அவர் ஒருத்தர்தான்."

மாலை 6:00. சிவகணேசன்.

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். நாற்பதை நெருங்கும் வயது, தணிந்த குரல், அழுது சிவந்த கண்கள். உட்காரும் முன்பே கைகூப்பினான்.

"என் தப்புதான் புவான். என்னைப் பிடிச்சிட்டுப் போங்க."

"என்ன தப்பு?"

"கிளம்புறப்ப ஹெட்போன எடுத்துச் சும்மா காதுல வச்சேன். நின்னபடியே, ஒரு அரை நிமிஷம். 'கதவத் திறங்க, தயவுசெஞ்சு திறங்க'ன்னு அழுதுகிட்டிருந்தா. ஒத்திகைன்னு நெனச்சேன். சிறைச்சாலைக் காட்சி ஒண்ணு இருக்கு. வல்லூறு உள்ள மாட்டிக்கிட்டுக் கெஞ்சுவான். என்னமா நடிக்கிறா பாருன்னு மெச்சிக்கிட்டே போயிட்டேன். பாவி நான்! திறந்து பார்த்திருந்தா..."

அவன் விம்மினான். பார்க்கிற யாருக்கும் மனசு இளகிவிடும்.

"எத்தன மணிக்குப் போனீங்க?"

"ஒண்ணு இருபது."

"சாப்பாடு?"

"வீட்டுல."

"அமுதன வெட்டுறதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா? ஆறு வருஷ உழைப்புன்னாங்க."

"வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா பரவால்ல. ரூபினி சின்னப் பொண்ணு, நல்லா இருக்கட்டும். நான் அவளுக்குச் சொன்னதெல்லாம் ஒண்ணுதான் புவான். எப்பேர்ப்பட்ட கெட்டவனும் ஒரு நாள் உடைஞ்சு அழணும். அப்பதான் ஆடுறவனுக்கு அவன் மேல பாசம் வரும்."

"அவ கேட்டாளா?"

"சிரிப்பா" என்றான் சிவகணேசன்.

மாலை 6:25.

வேலு கீழேயிருந்து வந்து காதோடு ஏதோ சொன்னான். குரலறைத் தரையில் கசங்கிக் கிடந்த ஒத்திகைத் தாளை எடுத்து ஒரு தடவை முழுக்கப் படித்தார் தவமணிதேவி. பிறகு மூன்று பேரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

"முதல்ல தாழ்ப்பாள். தானா விழும், உண்மை. ஆனா தானா விழுந்தா பிடி முன்னாலதான் நிக்கும். கமலநாதன், நீங்க கதவு திறந்தப்ப பிடி எப்படி இருந்துச்சு?"

"பக்கவாட்டுல... திருப்பிட்டுத்தான் தூக்கினேன்." சொல்லும்போதே அவன் கண்கள் அகன்றன. "கையால திருப்பினாத்தான் அது அப்படிப் பூட்டும்!"

"ஆமா. ஆக்ஸிடென்ட்டுக்குக் கை கிடையாது. யாரோ குனிஞ்சு, தாழ்ப்பாள் இறக்கி, பிடியத் திருப்பி, ஏர்கான அணைச்சிருக்காங்க."

பிரவீனா சட்டென்று கமலநாதனைப் பார்த்தாள். கமலநாதன் அவளை முறைத்தான். சிவகணேசன் தலை குனிந்தபடி இருந்தான்.

"சிவகணேசன், நீங்க ரொம்ப நல்லவர். யாரும் கேட்காமலே ஹெட்போன் வச்சேன்னு சொன்னீங்க. உங்க கைரேகை அதுல இருக்கும்னு தெரியும், அதனால முந்திக்கிட்டீங்க. சரி. சிறைச்சாலைக் காட்சியில வல்லூறு என்ன சொல்லுவான்?"

"கதவத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவான்."

"படிச்சீங்களா?"

"இல்ல... அவ இப்பல்லாம் காட்டுறதில்ல. காட்சி தெரியும்."

தவமணிதேவி தாளை அவன் முன்னால் போட்டார். "இன்னிக்கு ஒத்திகை பார்த்த தாள். அதே சிறைச்சாலை. வீரன் வெளிய நிக்கிறான், வல்லூறு உள்ள. வாசிங்க."

அவன் வாசிக்கவில்லை. பிரவீனா எட்டிப் பிடுங்கி உரக்க வாசித்தாள்.

"'திறக்க வந்தாயா, பார்க்க வந்தாயா? பார்க்க வந்தவன் என்றால் வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்.'" அவள் குரல் இறங்கியது. "பதினாலு வரி. ஒண்ணுல கூட 'தயவுசெஞ்சு' இல்ல."

"எப்படி இருக்கும்? தீயில தள்ளினாலும் கேட்க மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க பிரவீனா. அழுது கெஞ்சுற கெட்டவன் ரூபினி எழுதினது இல்ல." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "அது நீங்க எழுதியிருந்தா வர்ற வல்லூறு, சிவகணேசன். பொய் சொல்லணும்னதும் உங்க கை தானா உங்க பாணியில எழுதிடுச்சு. நீங்க கேட்டது நடிப்பு இல்ல. அந்தப் பொண்ணு உசுருக்குக் கெஞ்சுனது. அது உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"ஒரு அரை நிமிஷம்தான்... குழம்பிட்டேன் புவான்..."

"அரை நிமிஷமா?" அவர் ஹெட்போனைத் தூக்கிக் காட்டினார். "கமலநாதன் ஏர்போர்ட்ல தோசை. பிரவீனா விரதம். ரூபினி டப்பாவையே திறக்கல. இதுல சம்பல் எப்படி வந்துச்சு? நின்னபடி அரை நிமிஷம் கேட்டவனுக்கு ஒரு கையில ஹெட்போன், ஒரு கையில நாசி லெமாக்கா? ஒண்ணு இருபதுக்குப் போனேங்கிற. உன் கார் ஒண்ணு அம்பது வரைக்கும் டயர் கடை வாசல அடைச்சிக்கிட்டு நின்னுச்சுன்னு கடைக்காரர் இன்னும் திட்டிட்டு இருக்காரு. உட்கார்ந்து, சாப்பிட்டுக்கிட்டே, கேட்டிருக்கடா நீ!"

சிவகணேசனின் முகத்திலிருந்து அழுகை மட்டும் மெல்லக் கழன்றது. குரல் அப்போதும் தணிந்துதான் இருந்தது.

"பத்து நிமிஷம்தான் உள்ள வைக்கணும்னு நெனச்சேன். ஆறு வருஷமா நான் நல்லதையே எழுதினேன். ஒருத்தன் அமுதன் பேரக் கேட்கல. இவ அடுத்தவன் கண்ணீரத் திருடி எழுதுறா, இவளுக்கு சிங்கப்பூர். ஒரு தடவ கெஞ்சட்டுமேன்னு... கெஞ்சுனா. அப்புறம் சத்தம் நின்னுச்சு. திறந்தா சொல்லிடுவாளேன்னு பயந்து, அப்படியே கிளம்பிட்டேன்."

"த்தூ!" என்றாள் பிரவீனா. அவளுக்கு ரூபினியைப் பிடிக்காது. ஆனாலும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். வேலு நடுவில் புகுந்து பிரிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலை 10:30.

குழாயை எடுத்துவிட்டார்கள். ரூபினியின் தொண்டை கட்டியிருந்தது. நகக்கண்களில் மருந்து தடவியிருந்தார்கள். தவமணிதேவி நடந்ததையெல்லாம் சொல்லவில்லை. சிவகணேசன் காவலில் இருப்பதைக்கூடச் சொல்லவில்லை. சாட்சியின் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது.

"உள்ள மாட்டினதும் என்ன பண்ணீங்க?"

"தாழ்ப்பாள் விழுந்திருச்சுன்னு நெனச்சேன். பயமே வரல. மைக் முன்னாடி போய் நின்னு கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"சிவா அண்ணேன்னு." அவள் எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாள். "அவர் வெளிய இருந்தாருல்ல. பிரவீனாவுக்குத் திறந்து விட்ட மாதிரி திறந்து விடுவாருன்னு... 'சிவா அண்ணே, தயவுசெஞ்சு திறங்க, மூச்சு முட்டுது'ன்னு. பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லித்தான்."

தவமணிதேவியின் பேனா நின்றது. அந்த மனிதன் இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

"அவருக்குக் கேட்கலையா புவான்?"

இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவர் நோட்டுப் பக்கம் குனிந்துகொண்டார். ஆனால் ரூபினி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளிறிப் போனது. போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தொண்டை கிழிய அழுதாள். தாதி ஓடிவந்தாள். தவமணிதேவி அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ரூபினி அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு ரூபினி கையை நீட்டினாள். "எங்க கையெழுத்து போடணும்?"

"முதல்ல எழுதினத வாசிச்சுக் காட்டுறேன்மா."

"வாசிக்க வேணாம். அவர் பேரு அதுல இருக்குதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"எல்லா வரியிலயும் இருக்கு" என்றார் தவமணிதேவி. 'கொலை முயற்சி' என்று மேலே எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் கொடுத்தார்.