தோயாமல் வந்தவன்

முதியோர் இல்லத்தின் கேற்றுக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழமையான நேரம்தான். கையில் வழமையான சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் பருப்போடு குழைத்த சோறு. ஒரேயொரு வித்தியாசம், அன்றைக்கு நான் சுடலையிலிருந்து நேரே வந்திருந்தேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. என் கையால் ஊட்டினால் மட்டும் விழுங்குவார். வேறு யார் நீட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் நித்திரை கொண்டால் அவர் பட்டினி. வேலையை விட்டேன். என்றைக்காவது என் பெயரைச் சொல்வார் என்று நாள் தவறாமல் வந்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்று காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு.

"அப்புத்துரையண்ணையின்ரை மகன் கிருசாந்தனோ? நான் கண்டாவளை கனகலிங்கம். இராசேஸ்வரி மோசம் போயிட்டா. கொப்பருக்கு ஏலாதெண்டு தெரியும். நீங்களெண்டாலும் வாங்கோ."

இராசேஸ்வரி என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த யாரோ செத்திருக்கிறார். போனேன். சுடலையில் கனகலிங்கம் என் உள்ளங்கையில் பச்சையரிசியை வைத்தார்.

"வாய்க்கரிசி போடுங்கோ, தம்பி. அவாவுக்கு உரித்தெண்டு வேறை ஒருத்தருமில்லை."

"எனக்கென்ன உரித்து?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "கொப்பர் வயலுக்கெண்டு இஞ்சை வாறவரெல்லே. வயலை எப்பவோ வித்துப்போட்டார். வாறதைத்தான் விடேல்லை."

அப்பா வயலுக்குப் போகும் நாட்களில் அம்மா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல், கதிரையில் காத்திருப்பார். அந்தக் கதிரையில்தான் செத்துப்போனார். அதன்பிறகு அதில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை.

அரிசியைப் போட்டேன். குளிர்ந்த உதடு விரலில் பட்டது.

இல்லத்து வாசலில் பராமரிப்பாளர் விமலேஸ்வரியக்கா மறித்தார்.

"செத்தவீட்டாலையோ வாறீர்? புகை மணக்குது. கிணத்தடியிலை தோய்ஞ்சுபோட்டு உள்ளுக்கை போம். வருத்தக்காரரிட்டை அப்பிடியே போகக்கூடாது தம்பி. கூட வந்தது போகாது."

"கூட வந்தது என்ரை மோட்டச்சைக்கிள் மட்டும்தான், அக்கா."

"பகிடி விடாதையும்."

அப்பா பசியோடு கிடப்பார். நான் நிற்கவில்லை.

அவர் விழித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"வந்திட்டியே?"

மாதக்கணக்காகக் கேட்காத குரல். கட்டிலருகே குனிந்தேன்.

"ஓமப்பா. நான்தான்."

"ராசேஸ்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் புகை மணம் அசையாமல் நின்றது. கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்த பிளாஸ்ரிக் கதிரை, பாரம் ஏறியதுபோல் மெல்ல முனகியது.

கதிரை வெறுமையாக இருந்தது.

சோற்றை எடுத்து நீட்டினேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். மற்றவர்களுக்குச் செய்வதை எனக்குச் செய்தார். பிறகு தலையைக் கதிரைப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்தார்.

மூடினார்.

மென்றார்.

நறநறவென்று சத்தம் வந்தது. குழைத்த சோறு அப்படிச் சத்தம் போடாது.

அவருடைய கன்னக் கொடுப்புக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். பச்சையரிசி. குளிர்ந்துபோயிருந்தது.

"அப்பா," காதுக்குள் சொன்னேன். "அவவைப் போகச் சொல்லுங்கோ."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நன்றாக அடையாளம் தெரிந்துகொண்டுதான் பார்த்தார்.

"நீ போ."

அந்தக் கிழமையே முடிந்துபோனார். கடைசிவரை என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. ஆனால் உடம்பு வற்றவில்லை. "ஆர் சாப்பாடு தீத்தினதெண்டு தெரியேல்லை, கொப்பர் கொழுத்துப்போய்க் கிடக்கிறார்," என்று விமலேஸ்வரியக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சுடலையில் வாய்க்கரிசி போடக் குனிந்தேன்.

போட இடமிருக்கவில்லை. வாய் நிறைய ஏற்கெனவே அரிசி இருந்தது.

இந்தமுறை தோய்ந்தேன். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றி, உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனேன்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்பைகள் அருகருகே மூடி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அப்பாவுடையது. மற்றது அம்மாவுடையது.

மூடிகளைத் தூக்கினேன். இரண்டும் வெறுமை. அம்மாவின் கோப்பை ஓரத்தில் ஒரு பச்சையரிசி ஒட்டியிருந்தது, இன்னும் ஈரமாக.

யாரும் உட்காராத அம்மாவின் கதிரை மேசையிலிருந்து கொஞ்சம் இழுபட்டிருந்தது, அதில் அதே சுடலைப் புகை மணம். கையை வைத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.