இடது கால் செருப்பு

உதவி கேட்டு வந்த பெண் மேசைமேல் வைத்தது அவள் அப்பாவின் பழைய இடது கால் செருப்பு. நடுவே குறுக்காக நசுங்கியிருந்தது.

"புதுசு வாங்கிக் கொடுத்தேன் சார், அதுக்கும் இதே கதி. பகல்ல பராமரிப்பு மையத்துல விடறேன். இப்பல்லாம் கதவைக் கண்டாலே நடுங்குறார். அந்த நர்ஸ் அவரை உள்ள வெச்சுப் பூட்டுறா. இன்னிக்கே அவளை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிட்டேன்."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மச்சினனுக்கோ பொறுமை கிடையாது. மறதி நோயாளிகளுக்கான அந்த மையத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நர்ஸின் மேல் பாய்ந்தான்.

"வயசானவரைப் பூட்டி வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே பாருங்க."

பெரியவர் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார். கதவின் வெளிப்பக்கம், தலைக்கு மேலே, கையை வைத்துத் தடவினார். அங்கே ஒன்றுமில்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் இடது செருப்பைக் கழற்றி இடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஸ்பிரிங் கதவு செருப்பை நசுக்கிக்கொண்டு நின்றது.

"எடுத்தா அழுவார். அதான் விட்டுடறேன்" என்றாள் நர்ஸ்.

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று சுற்றி வந்தார். உள்கதவு எதற்கும் தாழ்ப்பாளே இல்லை.

"அப்புறம் எதுக்கு அத்தான், அவர் பயப்படுறார்?" மச்சினனின் குரல் இறங்கிவிட்டது.

"கை எங்கே தேடிச்சு, பாத்தியா? வெளிப்பக்கம், மேலே. அந்த இடத்துல தாழ்ப்பாள் இருக்கிற கதவு ஒண்ணு அவருக்குத் தெரியும். அது இங்கே இல்லே." கூடவே வந்திருந்த மகளிடம் திரும்பினார். "ராத்திரி எந்த ரூம்ல படுக்கிறார்மா?"

அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு தடவை எழுந்து ரோட்டுக்குப் போயிட்டார் சார். அதுக்கப்புறம்தான்... தூங்கினப்புறம்தான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

நர்ஸின் முன்னால் அவள் கூனிக் குறுகி நின்றாள். "மன்னிச்சிடும்மா. அநியாயமா உன்மேல பழி போட்டுட்டேன்."

"வாசக்கதவுல ஒரு மணி கட்டுங்கக்கா. அவர் எழுந்தா சத்தம் கேக்கும்" என்றாள் நர்ஸ்.

மச்சினனுக்குத் தலை நிமிரவில்லை. முந்திக்கொண்டு வாய் நீண்டது அவனுக்குத்தானே.

பெரியவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அழுகிற மகளைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"அழாதேம்மா. பாத்தா நல்ல பொண்ணா இருக்கே. சாயங்காலம் ஒருத்தி என்னைக் கூட்டிட்டுப் போக வருவா. அவ வீட்டுக்கு வேண்டாம். உன்னோட வரட்டுமா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க. எங்க வீட்ல தாழ்ப்பாளே கிடையாது."

இன்ஸ்பெக்டர் மச்சினனைப் பார்த்தார். அவன் அவளிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, அவர்கள் போய்ச் சேருவதற்குள் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டுமென்று ஸ்க்ரூடிரைவர் தேடி ஓடினான்.