எடுத்துவிட்ட மாடி

மேடையை எடுத்தது அவள்தான். முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு, வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீருக்கடியில் மறைந்திருந்த அந்தச் சின்ன வட்ட மேடையைத் தூக்கித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் எலியை நீந்த விட்டாள். எலி நேராகப் போய், மேடை இருந்த இடத்தில் நின்றது. நீந்தவில்லை, மிதக்கவில்லை. வயிறளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, முன்னங்கால்களால் நிதானமாக முகம் துடைத்துக்கொண்டது. அதன் பாதங்களுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் கோபம் வந்தது. இப்போது எலிகளே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். மேடை இருக்கும் இடத்தை எலிக்குப் பழக்கிவிட்டு, பிறகு மேடையை எடுத்துவிட்டு எலி எங்கே தேடுகிறது என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. நினைவு மங்கிய எலி தொட்டியெங்கும் அலையும். நினைவுள்ள எலி சரியான இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஏமாந்து, கடைசியில் வேறு பக்கம் போகும். இத்தனை வருஷத்தில் எந்த எலியும் நின்றதில்லை.

நின்றது புது மருந்து போட்ட எலி. செல்லுக்குள் வரும் செய்திகளைப் படித்துப் புரதமாக மொழிபெயர்க்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. மறதி நோயில் ஒரு புரதம் அதற்கு பிரேக் போட்டுவிடுகிறது. செய்திகள் படிக்கப்படாமல் தேங்குகின்றன, புது நினைவு எதுவும் உருவாவதில்லை. அந்த பிரேக்கைத் தளர்த்துவதுதான் மருந்தின் வேலை. மனிதர்களுக்கும் சோதனை தொடங்கியிருந்தது. அவள் கணவரின் மேல்கையில், தோலுக்கடியில், மெல்லக் கரையும் குச்சியாக அதே மருந்து இருந்தது.

அதனால்தான் உடனே சோதனையை நடத்தும் டாக்டரிடம் போனாள்.

“எலி நிக்குது டாக்டர்.”

“நல்லதுதானே? மேடை ஞாபகம் இருக்குன்னு அர்த்தம்.”

“மேடையே இல்லையே டாக்டர். நான்தான் எடுத்தேன்.”

“மிதந்திருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் ஞாபக டெஸ்ட் மார்க்கைப் பாருங்க, இந்த மாசம் எல்லாரையும் விட அவர்தான் மேல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

சந்தோஷம் இல்லாமல் இல்லை. நில அளவையாளராக ஊரையே அளந்த மனிதர், சொந்த வீட்டில் குளியலறைக்கு வழி தெரியாமல் நின்றவர். அவளைப் பார்த்து “நீங்க யாரும்மா?” என்று மரியாதையாகக் கேட்டவர். மருந்து வைத்த கொஞ்ச நாளில் “என்னடி வாயாடி, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?” என்றார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

அன்று மாலை அவர் கூடத்து மூலையில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“என்னங்க தேடறீங்க?”

“மாடிப்படி எங்கடி?”

அந்த மூலையில் மரப்படி இருந்தது உண்மை; மேலே ஓர் அறையும் இருந்தது. இதே நோயோடு அவருடைய அம்மா அங்கேதான் பல வருஷம் படுத்திருந்தார். எல்லாவற்றையும் மறந்தவர், மருமகளைத் திட்டுவதை மட்டும் மறக்கவில்லை. மாமியார் செத்து, கணவருக்கும் அதே நோய் வந்து, அவர் படியில் உருண்டு விழுந்த பிறகு, அவள்தான் ஆள் வைத்து அறையை இடித்தாள். படியைக் கழற்றி, கூரையில் இருந்த திறப்பை அடைத்துப் பூசினாள். வெள்ளையடித்த கூரையில் இப்போது தழும்புகூட இல்லை.

“எடுத்தாச்சே. நீங்க பார்த்துட்டுதானே இருந்தீங்க?”

“சும்மா இரு. அம்மா ரொம்ப நேரமா கூப்பிடறாங்க.”

அவரைப் படுக்க வைத்துவிட்டு, துணி பீரோவை இழுத்து மூலையில் போட்டாள். மூச்சு வாங்க அதில் சாய்ந்து நின்றபோது, முதலில் மாமியாரின் தைல வாசனை வந்தது, பிறகு வியர்வையில் ஊறிய பழைய மெத்தையின் வாசனை, பிறகு தலைக்கு நேர் மேலே, மழையும் காக்கையும் தவிர எதுவும் இல்லாத மொட்டைக் கூரையில், யாரோ புரண்டு படுக்கும்போது கட்டில் முனகும் சத்தம்.

காலையில் டாக்டருக்குப் போன் செய்தாள்.

“அந்தக் குச்சியை எடுத்துடுங்க டாக்டர்.”

“எடுத்தாலும் உள்ள போனது போனதுதாம்மா. அது அடங்க மாசக்கணக்காகும். அடங்கினா மறுபடி உங்களையே தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் போனாலும் இழப்பு, அந்தப் பக்கம் போனாலும் இழப்பு. காரணமில்லாமலா உடம்பு பிரேக் போட்டிருக்கும் என்று மட்டும் தோன்றியது. வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் தூறல் விழுந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது பீரோ நகர்ந்திருந்தது.

அவர் பாதங்கள் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தன. கீழே தரை. நடுவில் எதுவும் இல்லை. ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தார். மரப்பலகை கிரீச்சிட்டது. பலகை இல்லை.

“என்னங்க, இறங்குங்க.”

“வந்துடறேன் வாயாடி. ஒரு நிமிஷம்.”

தலை கூரையைத் தொட்டது. நிற்கவில்லை. வெள்ளைக்குள் போனது. தோள் போனது. சுண்ணாம்பு ஒரு துளி உதிரவில்லை.

பாய்ந்து கால்களைக் கட்டிக்கொண்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். இழுத்தாள். கெஞ்சினாள். முழங்கால் நழுவியது. கெண்டைக்கால் நழுவியது. கைகளை உயர்த்தி எம்பிப் பிடித்தாள். ஒரு கணுக்கால். அதுவும் வழுக்கியது. மறுபடி கிடைத்தது. தைல வாசனை மூச்சை அடைத்தது.

கால் நின்றது.

மெல்லக் கீழே இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்படித்தான். மெதுவா வாங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“வாயாடி, அம்மா கட்டில்ல இல்லையே. கீழ வந்தாங்களா?”

கண்ணைத் திறந்தாள். கைக்குள் இருந்தது வீங்கிய, சில்லிட்ட கால். வெட்டாமல் வளைந்த நகங்கள். அது அடுத்த படியைத் தேடித் துழாவியது. பிறகு அவள் தோளில் ஊன்றி இறங்கியது.